தங்கவயலில் எரிந்த பிறகுதான் பெங்களூரில் விளக்கு எரிந்தது: கேள்வி பதில்

நம் பெங்களூர்த் தமிழ் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் பதில் சொல்லும் முறை என்னுடையது. முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். ஒரு வட்டாரம் செழிப்பதிலும் தேய்வதிலும் பண்பாட்டின் பங்கு எவ்வளவு, உலகச் சந்தையின் பங்கு எவ்வளவு என்பது தலைப்பு. நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: "எங்கள் ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது" என்று தொடங்கும் கேள்விகளை அனுப்பாதீர்கள். ரத்தத்தில் தொழில் ஊறுவதில்லை.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, மென்பொருள் பொறியாளர்): ஐயா, பெங்களூர் ஐ.டி. நகரமானதற்குக் குளிர்ந்த காற்றும், ஆங்கிலமும், மக்களின் சாந்த குணமும்தான் காரணம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

பதில்: தம்பி, குளிர்தான் காரணம் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் நம்மை முந்தியிருக்க வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்ததிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 1909-இல் இந்திய அறிவியல் கழகம் அமைந்தது. ஜாம்ஷெட்ஜி டாடா பணம் ஒதுக்கினார், மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. 1940-இல் விமானத் தொழிற்சாலை வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ., 1953-இல் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி., 1954-இல் மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். என்று வரிசையாகப் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் பொறியாளர்களும் ஃபிட்டர்களும் டர்னர்களும் குடும்பத்தோடு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத் தனியார் பொறியியல் கல்லூரிகளும் இங்கே முன்னதாகவே இருந்தன.

1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்தபோது அதன் கண்ணில் பட்டது காற்று அல்ல, இந்தத் தலைமுறை. செயற்கைக்கோள் வழியாக நிரல்கள் கடல் கடந்தன. 1991-இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்து, அந்த இணைப்பு சிறிய நிறுவனங்களுக்கும் கிடைத்தது. அமெரிக்கா உறங்கும் நேரம் நமக்கு வேலை நேரம் என்பது பூகோளம் தந்த உதவி.

அப்படியானால் பண்பாட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு. உங்கள் நண்பர்கள் சொல்லும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். 1809 வாக்கில் இங்கே கன்டோன்மென்ட் அமைந்தது. பட்டாளத்தின் பின்னால் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். தக்கினி உருது பேசுவோர், தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்ந்து பழகினார்கள். காய்காரம்மாவிடம் ஒரு மொழி, தையல்காரரிடம் இன்னொரு மொழி, பள்ளியில் மூன்றாவது மொழி. வெளியூர்க்காரர் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வாடகை வீடும், சாப்பாடும், பேச்சுத்துணையும் கிடைத்துவிடுகிற ஊர் இது. வந்தவரை அந்நியராக்காத பழக்கம் ஒரு நகரத்தின் மூலதனம். அதைத் தேய்த்துவிட எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

கேள்வி (ஜீவன்பீமா நகர்): தமிழர்களுக்கு இயல்பிலேயே கணித மூளை இருப்பதால்தானே இத்தனை பேர் ஐ.டி.யில்?

பதில்: இல்லை. பள்ளிகளும், கல்லூரிகளும், மதிய உணவும், இட ஒதுக்கீடும் இருந்ததால்.

கேள்வி (விவேக் நகர், சொந்த ஊர் சிவகாசி): ஐயா, எங்கள் ஊரைக் குட்டி ஜப்பான் என்பார்கள். மழையில்லாத கரிசல் மண்ணில் தொழில் வளர்ந்ததற்கு எங்கள் மக்களின் உழைப்புப் பண்பாடு காரணம் இல்லையா?

பதில்: அம்மா, உழைப்பு இல்லாத ஊர் எது? கரிசல் காட்டில் பருத்தி எடுத்த பெண்ணும் உழைத்தாள். அவள் ஊரில் தீப்பெட்டி ஆலை வரவில்லை. சிவகாசியில் உழைப்போடு வேறு இரண்டு சேர்ந்தன.

முதலாவது உலகச் சந்தை திறந்த கதவு. முன்பெல்லாம் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீக்குச்சிகள் கப்பலில் வந்தன. 1922-இல் அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குத் தீர்வையை உயர்த்தியதும் உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை பிறந்தது. அந்தக் காலத்தில்தான் ஐயா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள்.

இரண்டாவது மகமை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதியில் போடுவது வழக்கம். அதிலிருந்து பேட்டையும் சத்திரமும் பள்ளியும் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். பண்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். கைக்கணக்கில் எழுதி, பூட்டிய பெட்டியில் வைத்து, நம்பிக்கையின் பேரில் கடன் கொடுக்கிற ஏற்பாடு. வெறும் குணமாக இருந்த ஒன்று நிதியாகவும் பள்ளியாகவும் மாறிய பிறகுதான் ஊர் வளர்ந்தது. அந்தப் பெட்டி ஒரு சமூகத்துக்குத் திறந்தது, மற்றவர்களுக்கு மூடியிருந்தது என்பதையும், குச்சி அடுக்கிய பிஞ்சுக் கைகளையும், வெடிவிபத்துகளில் போன உயிர்களையும் மறைத்துவிட்டுக் குட்டி ஜப்பானைப் பாராட்ட என்னால் முடியாது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): நம் மதமும் கர்மக் கொள்கையும் வளர்ச்சிக்குத் தடை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உங்கள் கருத்து?

பதில்: 1950 முதல் 1980 வரை இந்தியப் பொருளாதாரம் ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் வளர்ந்தது. 1978 வாக்கில் பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா அதற்கு "இந்து வளர்ச்சி விகிதம்" என்று பெயர் வைத்தார். பிறகு வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இடையில் யாரும் மதம் மாறவில்லை, மாறியது கொள்கை. நூறாண்டுகளுக்கு முன் ஜப்பானியரையும் கொரியரையும் சோம்பேறிகள் என்று எழுதிவைத்த மேற்கத்தியர் உண்டு. வளர்ச்சி வந்த பிறகு அதே மக்களின் பண்பாட்டில் சுறுசுறுப்பைக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி (ஃபிரேசர் டவுன்): எந்த ஊரில் மனை வாங்கினால் விலை ஏறும்?

பதில்: இது மனைத் தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி (ராமமூர்த்தி நகர், தொழில்முனைவோர்): நீங்கள் தங்கவயல்காரர் என்பதால் கேட்கிறேன். 120 ஆண்டுகள் தங்கம் எடுத்த ஊர். உலகமயமாதல் என்ற சொல் புழங்குவதற்கு முன்பே உலகத்தோடு இணைந்த ஊர். சுரங்கம் மூடியதும் ஏன் படுத்துவிட்டது? ஆறே வற்றிப்போன திருப்பூர் எழுந்து நின்றதே? உங்கள் மக்களிடம் சார்ந்து வாழும் பண்பாடு இருந்தது, சொந்தத் தொழில் தொடங்கும் துணிச்சல் இல்லை. இதை ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும், இதற்கு எனக்கு இடம் தேவை.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பங்குகள் லண்டனில் விற்கப்பட்டன, இலாபமும் அங்கேயே கணக்கானது. மைசூர் அரசுக்கு ராயல்டி போனது. சிவசமுத்திரத்தின் மின்சாரம் 1902-இல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் முதலில் வந்து சேர்ந்தது எங்கள் சுரங்கத்துக்கு. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். மின்சாரமும், ரயிலும், உலகச் சந்தையும், அந்தக் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பமும் எங்களிடம் இருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். அங்கே பாறையே சுடும்.

இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரை விட்டு வந்ததே துணிச்சல். அவர்களுக்குப் பண்பாடு இல்லை என்கிறீர்களா? அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அவருடைய எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. பகலெல்லாம் பாறை வெட்டியவர்கள் இரவில் கூடிப் புத்தகம் வாசித்தார்கள். 1930-இல் கம்பெனி ஒவ்வொருவருடைய கைரேகையையும் பதிய முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக அல்ல, மானத்துக்காக.

இப்போது திருப்பூருக்கு வாருங்கள். அங்கே ஜாப் ஒர்க் என்று ஒன்று உண்டு, ஒரே பனியனின் வேலையைப் பலர் பிரித்து எடுத்துச் செய்வது. ஒருவர் தையல் எடுப்பார், ஒருவர் காஜா எடுப்பார், ஒருவர் சாயம் எடுப்பார். தையல் மெஷினில் உட்கார்ந்தவர் இரண்டு மெஷின் வாங்கித் தனியாக எடுத்துச் செய்யலாம். பலர் சிறு நிலத்தை விற்றோ அடகு வைத்தோ முதல் போட்டார்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் 1930-களில் கொங்கு நாட்டுக்கு வந்தபோது அது கிணற்று மோட்டாருக்கும் போனது, சிறு பட்டறைக்கும் போனது. தங்கவயலுக்கு வந்த மின்சாரம் கம்பெனி வேலிக்குள் நின்றது. நிலம் கம்பெனியுடையது. வீடு கம்பெனியுடையது, தட்டி வேய்ந்த குடிசையிலிருந்து லைன் வீடு வரை எதையும் அடகு வைக்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிது இது: பனியன் நெய்கிறவர் நான்கு பனியனை வெளியே விற்று வியாபாரம் பழகலாம். எங்கள் அப்பா எடுத்த பொருளில் ஒரு துணுக்கு அவர் சட்டைப்பையில் இருந்தால் சிறை. ஷிஃப்ட் முடிந்து ஏறி வரும்போது உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். தான் உண்டாக்கிய பொருளைத் தொடவே கூடாது என்று சட்டம் இருக்கும் ஊரில் எந்தத் தொழில்முனைவோர் பிறப்பார்?

திருப்பூரும் கணக்குத் தீர்த்துத்தான் எழுந்தது என்று நினைக்காதீர்கள். சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடி, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.

மறுகேள்வி (அதே ராமமூர்த்தி நகர் நண்பர்): லண்டன் கம்பெனியைக் குறை சொல்வது எளிது. 1956-க்குப் பிறகு சுரங்கம் அரசுடையதுதானே? அடுத்த 45 ஆண்டுகள் நம் சொந்த அரசு. அதற்கு யாரைக் குறை சொல்வீர்கள்?

பதில்: இந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மைசூர் அரசு எடுத்து, பிறகு மத்திய அரசு எடுத்து, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. தாது மெலிகிறது, ஆழம் கூடுகிறது, செலவு ஏறுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மூடத்தான் போகிறது என்பதும் தெரிந்திருந்தது. 1960-களில் வந்த, மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். ஆலையைத் தவிர, மாற்றுத் தொழிலென்று பெரிதாக எதையும் யாரும் கொண்டுவரவில்லை. நாங்களும் கேட்கத் தவறினோம். தகப்பன் வேலை மகனுக்கு வேண்டும் என்று போராடினோம். மகனுக்கு வேறு வேலை வேண்டும் என்று போராடவில்லை. என் அப்பாவும் என்னைச் சுரங்கத்தில்தான் சேர்க்க நினைத்தார். அம்மா தன் கம்மலை விற்று பெங்களூர் விடுதிக்குப் பணம் கட்டினார். ஆனால் இதற்குச் "சார்ந்து வாழும் பண்பாடு" என்று பெயர் வைப்பதை இப்போதும் எதிர்க்கிறேன். மூன்று தலைமுறையாக ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருந்தால், மனிதர் அந்தக் கதவின் முன்னால்தான் நிற்பார்.

இடையீடு (காக்ஸ் டவுன், சொந்த ஊர் சாம்பியன் ரீஃப்): சார், எங்கள் வீட்டில் இரண்டு பேர் சிலிக்கோசிஸில், பாறைத்தூசு நுரையீரலை அரிக்கும் நோயில், போனார்கள். துணிச்சல் இல்லை என்று எழுதியவர் ஒருமுறை காலை ரயிலில் எங்களோடு வரட்டும். மூன்றரை மணிக்கு எழுந்து, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் வந்து, இரவு திரும்புகிறோம். இந்த நகரத்தின் அலுவலகங்களைக் கூட்டுவதும் காவல் காப்பதும் கணக்கு எழுதுவதும் நாங்கள்தான்.

பதில்: சகோதரி, இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுதான் உண்டு. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடியபோது ஊர் அப்படியே நின்றுபோகாமல் காப்பாற்றியது அந்த ரயில்தான். ஆனால் அது உழைப்பைக் கொண்டுபோகிறது, முதலீட்டைக் கொண்டுவருவதில்லை. முன்பு தங்கம் போன அதே தண்டவாளத்தில் இப்போது மனிதர்கள் போகிறார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் ஊரிலேயே இருக்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு இப்போதும் வீடுகளுக்குள் வருகிறது.

கேள்வி (ராஜாஜி நகர்): மார்வாடிகள், குஜராத்திகள், செட்டியார்கள்: வியாபாரப் பண்பாட்டில் யார் சிறந்தவர்?

பதில்: மேலே சிவகாசிக் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி (ஓசூர்): எங்கள் ஊர் வளர்ந்தது தமிழ்நாட்டாலா, பெங்களூராலா?

பதில்: இரண்டும் சேர்ந்து. நாற்பது கிலோமீட்டரில் ஒரு பெருநகரின் சந்தையும் அதன் அன்றைய விமான நிலையமும் இருக்க, இந்தப் பக்கம் தமிழக அரசு நிலமும் சலுகையும் தந்தது. 1980-ஐ ஒட்டி டி.வி.எஸ்., அசோக் லேலண்டு ஆலைகள் வந்தன. டாடாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கைகோத்த டைட்டன் வந்தது. கடிகாரம் செய்ய வெளியிலிருந்து ஆள் எடுக்காமல், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளி முடித்த கையோடு எடுத்துப் பயிற்சி தந்தார்கள். எங்கள் ஊரில் நடக்காதது அதுதான். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் உங்கள் ரோஜாவைப் பற்றித் தனியாக எழுத ஆசை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊருக்குச் சந்தையில் பேச்சு தடைப்படுவதில்லை.

கேள்வி (மல்லேஸ்வரம்): காபித் தோட்டத்தில் விலை ஏறி இறங்குவதற்கு நம் பண்பாடா, உலகமா காரணம்?

பதில்: உலகம். 1989-இல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை, அதாவது எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற வரம்பு, முறிந்தது. 1990-களில் காபி வாரியத்தின் கட்டாயக் கொள்முதல் படிப்படியாக நின்றது. வியட்நாமின் விளைச்சல் பெருகியதும், 2001 வாக்கில் விலை விழுந்து குடகும் சிக்கமகளூரும் தவித்தன. பண்பாடு செய்தது வேறு: தென்னிந்தியர் வீட்டில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்ததால் உள்நாட்டுச் சந்தை என்று ஒன்று கைகொடுத்தது.

கேள்வி (சிக்பேட்டை, பட்டு வியாபாரம்): புவிசார் குறியீடு கிடைத்தால் நெசவாளருக்கு வருமானம் கூடுமா? காஞ்சிபுரத்துக்கு 2005-லேயே கிடைத்ததே.

பதில்: குறியீடு பெயரைக் காப்பாற்றும், கூலியைக் காப்பாற்றாது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவரைப் பிடிக்க ஆளும் வழக்குச் செலவும் வேண்டும். அதை யார் செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் கடைக்கு வரும் பாவு நூலையும் கவனியுங்கள். சீனக் கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை ஏறி இறங்கும்போதெல்லாம் ராமநகரப் பட்டுக்கூட்டுச் சந்தையில் விவசாயியின் முகம் மாறும். நம் ஊர்ப் பட்டு எப்போதும் உலகத்தோடு கலந்ததுதான். ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய முறையைக் கொண்டுவந்து பசவனகுடிப் பக்கம் பட்டுப் பண்ணை வைத்தார். பண்ணை போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பஸ் நிறுத்தத்துக்கு டாடா சில்க் ஃபார்ம் என்றே பெயர்.

கேள்வி (பீன்யா): வடநாட்டுத் தொழிலாளர்கள் வந்து நம் பண்பாடு கெடுகிறது, கூலி குறைகிறது. தடுக்க வேண்டாமா?

பதில்: 1890-களில் எங்கள் தாத்தா மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தபோது அவரைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கூலி குறைகிறது என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லுங்கள். ஒடியாவிலிருந்து வந்த பையன் எதிரி அல்ல.

கேள்வி (பானஸ்வாடி): உழைப்பு எங்கள் சமூகத்தின் ரத்தத்திலேயே…

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள். இத்தோடு இது ஏழாவது.

கேள்வி (ராமமூர்த்தி நகர், மீண்டும் அதே நண்பர்): காக்ஸ் டவுன் சகோதரிக்கு: என் சொல் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். ஐயா, எனக்குச் சிறிய உதிரிபாகப் பட்டறை இருக்கிறது, பதினெட்டு பேர் வேலை செய்கிறார்கள். இரண்டாவது பட்டறையைத் தங்கவயலில் வைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: நிலம் முதலில். சுரங்க நிலத்தின் உரிமையில் சிக்கல் உண்டு. உரிகம், ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் தனியார் பட்டா உள்ள கட்டடமாகப் பாருங்கள். வில்லங்கச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆட்களுக்குக் குறையில்லை. பி.இ.எம்.எல்.லில் ஒப்பந்த வேலை பார்த்த வெல்டர்களும் மெஷினிஸ்டுகளும் இருக்கிறார்கள், தினமும் ரயிலில் போய் வருகிறவர்களிலும் இருக்கிறார்கள். பெங்களூர்க் கூலியில் பயணச் செலவைக் கழித்துத் தர எண்ணாதீர்கள், முழுதாகக் கொடுங்கள். தண்ணீர் வசதியைக் கோடையில் போய்ப் பாருங்கள், மழைக்காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரும் ஞாயிறு நான் மாரிக்குப்பம் போகிறேன். காலை ரயிலில் வருவதானால் கன்டோன்மென்ட் நிலையத்தில் காத்திருக்கிறேன். காக்ஸ் டவுன் சகோதரியும் வரச் சம்மதித்தால் மூன்று பேராகப் போவோம். அவருக்கு ஊரில் என்னைவிட அதிகம் பேரைத் தெரியும்.